முதல்ல குதிரைக்கு இடம் பாருடி!

கொலம்பஸ், இந்தியானா
மார்ச் மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை

அடியே வாத்தியாரம்மா,

நீ பாட்டுக்கு வாட்ஸப்ல மூணு வரி தட்டிவிட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டே. அக்டோபர்ல இலை சிவக்கிற சமயம் சிகாகோவிலிருந்து குடும்பத்தோட வர்றோம், அண்ணாவுக்கு ஆர்.வி.ங்கற வீட்டு வண்டி ஆசை, பசங்களுக்கு டென்ட் ஆசை, உன் எதிர்வீட்டுக் குதிரைக்காரம்மாவையும் சேர்த்துக்கோ, பிரவுன் கவுன்ட்டியில நல்ல இடமாப் பாத்து வை. இவ்வளவுதான் உன் உத்தரவு. இதுக்கெல்லாம் போன்ல பதில் தட்டினா என் கட்டைவிரல் தேஞ்சு போயிடும். அதான் காபியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுத உக்காந்துட்டேன். வம்பும் நிறைய சேர்ந்து கிடக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். முதல் இடம் குதிரைக்கு. அப்புறம் ஆர்.வி.க்கு. டென்ட் பத்திக் கவலையே படாதே, அது எங்க வேணும்னாலும் நிக்கும். நம்ம ஜனங்க இதைத் தலைகீழாப் பண்றாங்க. ஏரி தெரியணும், பாத்ரூம் பக்கத்துல இருக்கணும், பசங்க சைக்கிள் விடணும்னு தங்களுக்கு எல்லாத்தையும் பாத்து வச்சிட்டு, குதிரை எங்கேயாவது நின்னுக்கும்னு விட்டுடறாங்க. அது நிக்காதுடி. 450 கிலோ எடை, ஒரு நாளைக்கு 20 லிட்டர்லேருந்து 40 லிட்டர் வரைக்கும் தண்ணி, பத்து கிலோ வைக்கோல், அதுக்கு மேல ஒரு கூடை சாணம். இதோட, பாக்கறதெல்லாம் பேயாத் தெரியற சுபாவம் வேற. போன வருஷம் குதிரைக்காரம்மாவோட ஆண் குதிரை, பக்கத்து டென்ட்டுக்காரங்க கொடியில காயப்போட்ட ஒரு துண்டைப் பாத்து மிரண்டு ராத்திரி பூரா தூங்கலை. அது தூங்கலைன்னா அவங்களும் தூங்கலை. அவங்க தூங்கலைன்னா காலையில எங்க யாராலயும் வாயே திறக்க முடியலை.

ஊர் எப்படி இருக்கும்னு கேட்டிருந்தே. சிகாகோவிலிருந்து 65ஆம் நம்பர் ஹைவேயில வர்ற வழி பூரா சோளக்காடுதான், மட்டமான பூமி. எங்க கொலம்பஸும் அப்படித்தான். இங்கேயிருந்து 46ஆம் ரோட்டுல மேற்கே திரும்பினா அரை மணிக்குள்ள நிலம் மேடும் பள்ளமுமா ஏறி இறங்க ஆரம்பிச்சிடும். அந்தக் காலத்துல வடக்கேயிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் இந்தியானாவோட பெரும்பகுதியைத் தேச்சு மட்டமாக்கிட்டு, பிரவுன் கவுன்ட்டி ஓரத்துல வந்து நின்னு போச்சாம். அதுகிட்டேயிருந்து தப்பிச்ச குன்றுகள்தான் இதெல்லாம். கொடைக்கானல் மாதிரி கற்பனை பண்ணிக்காதே. வீட் பேட்ச் ஹில்னு பெரிய குன்று ஒண்ணு இருக்கு, அதுவே 1,058 அடிதான். ஆனா காலையில பள்ளத்துல பனிமூட்டம் தங்கி, மேல குன்றோட தலை மட்டும் வரிசையாத் தெரியும் பாரு, அதுக்காகத்தான் ஜனங்க ‘லிட்டில் ஸ்மோக்கீஸ்’னு செல்லப் பேர் வச்சிருக்காங்க.

பிரவுன் கவுன்ட்டி ஸ்டேட் பார்க் 1929ல ஆரம்பிச்சது. கிட்டத்தட்ட 16,000 ஏக்கர், மாநிலத்துலேயே பெரிய பார்க் அதுதான். இன்னிக்குப் பாத்தா ஆதிகாலத்துக் காடு மாதிரி இருக்கும். உண்மையில அது விவசாயம் பண்ணித் தோத்துப்போன நிலம். மரத்தை வெட்டி, சரிவுல உழுது, மழையில மண்ணெல்லாம் வழிஞ்சு போய், குடியானவங்க கைவிட்டுட்டுப் போன பூமி. 1930கள்ல வேலையில்லாத பையன்களை அரசாங்கம் சம்பளம் குடுத்துச் சேர்த்தது இல்லையா, சி.சி.சி.ன்னு, அவங்க வந்துதான் ரோடு போட்டு, கல் மண்டபம் கட்டி, மண் அரிப்பை நிறுத்த மரம் நட்டாங்க. என்ன மரம் தெரியுமா? பைன், ஸ்ப்ரூஸ், பிளாக் வால்நட், பிளாக் லோகஸ்ட். இந்தக் கடைசி ரெண்டு பேரையும் குறிச்சுக்கோ. மண்ணுக்கு நல்லது, குதிரைக்கு ஆகாது. லோகஸ்ட் மரத்தோட பட்டையைக் குதிரை கடிச்சா விஷம். வால்நட் மரத்தூளைக் கீழே பரப்பினா போதும், குதிரைக்குக் குளம்பு வீங்கி நடக்க முடியாமப் போயிடும்.

குதிரைக்காரம்மா எந்த முகாமுக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்கினதும் நிமிர்ந்து மரத்தைத்தான் பாப்பாங்க. நாமெல்லாம் ‘ஆஹா என்ன கலர்’னு போன் எடுப்போம், அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு இலையைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க. மூணு பிரிவா இருந்து, ஓரமெல்லாம் ரம்பப்பல்லு மாதிரி இருந்து, அடிப்பக்கம் வெளிறி இருந்தா அது ரெட் மேப்பிள். அஞ்சு பிரிவா, ஓரம் வழவழன்னு இருந்தா சுகர் மேப்பிள். நீ அக்டோபர்ல பாக்க வர்ற அழகுச் சிவப்புல நிறைய இந்த ரெட் மேப்பிள்தான். அந்த இலை பச்சையா மரத்துல இருக்கிறவரை அவ்வளவா பயமில்லை. வாடி விழுந்ததும் விஷமாயிடும். காஞ்ச இலை ஒரு கிலோ கூட வேண்டாம், ஒரு குதிரைக்கு ரத்த அணுவெல்லாம் உடைஞ்சு சிறுநீர் காபி நிறத்துல போக ஆரம்பிச்சிடும். அதனால அவங்க இடம் பிடிக்கிறது ஓக், ஹிக்கரி மரங்களுக்கு நடுவுல. கலர் சுமார்தான். நீ போட்டோவுக்கு நாலடி நடந்து போய்க்கோ.

இப்ப வாசல் விஷயம். இதை நீ படிக்காம விட்டா நான் பொறுப்பில்லை. ஒரே பார்க்தானே, குதிரைக்காரம்மா குதிரை முகாம்ல இருக்கட்டும், நாம ராக்கூன் ரிட்ஜ்லயோ டெய்லர் ரிட்ஜ்லயோ இருந்துக்கிட்டுச் சாப்பாட்டு வேளைக்குச் சேர்ந்துக்கலாம்னு நீ நினைப்பே. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. குதிரை முகாமுக்கு வாசலே தனி, தென்கிழக்கே 135ஆம் ரோட்டுப் பக்கம். அங்கேயிருந்து பொது முகாமுக்கு வரணும்னா வெளியே வந்து, 46ஆம் ரோட்டைப் பிடிச்சு, ஆர்.வி.யோடன்னா பக்கத்துல இருக்கிற நாஷ்வில் ஊருக்குள்ள புகுந்து, மேற்கு வாசல் வழியா உள்ளே வரணும். அதுவும் அக்டோபர் சனிக்கிழமை நாஷ்வில்ல புகுந்து வர்றது இருக்கே, ஆமை தேவலாம். இட்லி ஆறி, சட்னி புளிச்சு, அப்புறம் எங்கே ஒண்ணாச் சாப்பிடறது?

பொது முகாமுக்குள்ள குதிரையை விட மாட்டாங்க. ஆனா குதிரை முகாம்ல கரண்ட் உள்ள இடம் நூத்துக்கு மேல இருக்கு, ஆர்.வி.யும் நிக்கலாம், டென்ட்டும் அடிக்கலாம். கரண்ட் இல்லாத இடங்களும் தனியா இருக்கு. சுத்தி 70 மைல் போல குதிரைப் பாதை. மூணு தரப்பும் ஒரே இடத்துல இருக்கணும்னா அதுதான் வழி. ஈ இருக்கும், வாசனை இருக்கும். உன் மாமியார் மாடு வளர்த்த வீட்டுலேருந்து வந்தவங்க, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீதான் மூக்கைப் பிடிப்பே. குதிரை இல்லாத ஆளுங்க எத்தனை பேரை ஒரு இடத்துல சேர்த்துக்கலாம்னு முன்னாடியே பார்க் ஆபீசுக்கு போன் போட்டுக் கேட்டுடு.

வாசல்னதும் ஞாபகம் வருது. வடக்கு வாசல்ல ஒரு பழைய மரப்பாலம் இருக்கு, கூரை போட்ட பாலம். 1838ல கட்டினது, 1932ல வேற இடத்துலேருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வச்சாங்க. இந்தியானாவுல இருக்கிற கூரைப்பாலங்கள்லயே பழசு. போக ஒரு வழி, வர ஒரு வழின்னு நடுவுல தடுப்போட அழகா இருக்கும். ஆனா ஆர்.வி. அதுக்குள்ள நுழையாது. பெரிய வண்டியெல்லாம் மேற்கு வாசல்தான். கொலம்பஸ் பக்கத்துலேருந்து வர்றவங்களுக்கு முதல்ல வர்றது வடக்கு வாசல். போன்ல வழி சொல்ற பொண்ணுக்கு வண்டியோட உசரம் எங்கே தெரியும்? அவ பாட்டுக்கு ‘இடது பக்கம் திரும்புங்கள்’ம்பா.

நம்ம ஆள் ஒருத்தர் அப்படித்தான் திரும்பினார். யாருன்னு எழுத மாட்டேன், பொங்கல் விழாவுல மைக்கை விடாம பேசினாரே, அவர்தான்னு வச்சுக்கோ. வாடகைக்கு எடுத்த ஆர்.வி., உள்ளே மனைவி, மச்சினி, மாமியார். பாலத்துக்கு முன்னாடி வந்து நின்னுட்டார். பின்னாடி கார் வரிசை. ரிவர்ஸ் எடுக்கணும். மாமியார் இறங்கி, சேலையைச் செருகிக்கிட்டு, ‘வாங்க மாப்ளே, வாங்க, வாங்க’ன்னு கை காட்டறாங்க. மச்சினி அதே சமயத்துல எதிர்ப்பக்கம் நின்னு ‘நில்லுங்க’ங்கறா. யார் சொல்றதைக் கேக்கறதுங்கிறது வண்டி ஓட்டற விஷயமே இல்லையே, குடும்ப விஷயம்! கடைசியில பின்னாடி நின்ன ஒரு லாரிக்காரப் பெரியவர் வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் திருப்பிக் குடுத்தாராம். அந்த மாப்பிள்ளை அன்னிக்கு ராத்திரி யார்கிட்டேயும் பேசலைன்னு மச்சினியே என்கிட்ட சொன்னா.

அண்ணா ஆர்.வி. எடுக்கிறதுன்னா எடுக்கட்டும். அமெரிக்காவுல ஓடற ஆர்.வி.ல பெரும்பாலானது நம்ம இந்தியானாவுல எல்கார்ட் பக்கம் செஞ்சதுதான், அதுல எனக்கு ஒரு பெருமை கூட உண்டு. ஆனா இடம் போடறதுக்கு முன்னாடி வண்டி எத்தனை அடி நீளம்னு அளந்து சொல்லச் சொல்லு. மலை முகட்டுல இருக்கிற இடங்கள் பல குட்டை; வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, பின்னாடியே போய்த்தான் நிறுத்தணும். வாடகைக்காரங்க ‘25 அடி’ன்னு சொல்றதுல பின்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற ஏணியும் சைக்கிள் ஸ்டாண்டும் கணக்குல வராது. தரை மட்டமா இருக்கான்னும் பாரு. சாஞ்சு நின்னா வண்டியிலுள்ள கேஸ் பிரிட்ஜ் சரியாக் குளிராது, உன் தயிர் புளிச்சுப் போயிடும்.

கரண்ட் 30 ஆம்பியரா 50 ஆம்பியரான்னும் கேக்கணும். 30ன்னா மொத்தமே 3,600 வாட்தான். உன் மாமியார் குளிருதுன்னு ஹீட்டரைப் போடுவாங்க, நீ இன்ஸ்டன்ட் பாட்ல சாதம் வைப்பே, பெரியவன் மைக்ரோவேவ்ல பாப்கார்ன் வைப்பான், டப்புன்னு எல்லாம் அணைஞ்சிடும். அப்புறம் அண்ணா டார்ச் எடுத்துக்கிட்டு வெளியே போவார். வீட்டுல ஃபியூஸ் போனாலே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடறவர் அவர்.

கழிவுத் தண்ணி விஷயத்தை எழுத வேண்டாம்னு பாத்தேன், ஆனா நீ தெரிஞ்சுக்கணும். கிளம்பற அன்னிக்கு டம்ப் ஸ்டேஷன்ல வரிசையில நின்னு வண்டித் தொட்டியைக் காலி பண்ணணும். கக்கூஸ் தொட்டியை முதல்ல திறக்கணும், அப்புறம்தான் பாத்திரம் கழுவின தண்ணித் தொட்டி. அப்பத்தான் பின்னால வர்ற சோப்புத் தண்ணி குழாயை அலசிவிடும். இதை மாத்திப் பண்ண ஒரு தம்பதியை நான் பாத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தார் மனுஷன். அந்தம்மா இருபதடி தள்ளி நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டே வீடியோ எடுத்தாங்க. அந்த வீடியோ இன்னும் எத்தனை விருந்துல ஓடுதோ!

குதிரைக்காரம்மா கதைக்கு வர்றேன், உனக்கு அதுதானே வேணும். அவங்க முன்னாள் புருஷன் இதே கொலம்பஸ்ல இன்னொரு கோடியில இருக்கார். பிரிஞ்சப்போ குதிரை ரெண்டும் அவங்களுக்கு, தூங்கற அறையெல்லாம் வச்ச பெரிய டிரெய்லர் அவருக்குன்னு தீர்ந்தது. அவர் அப்புறம் டிரெய்லருக்கு ஏத்தாப்ல குதிரை வாங்கிட்டார், அவங்க குதிரைக்கு ஏத்தாப்ல டிரெய்லர் வாங்கிட்டாங்க. ஆனா குதிரை முகாம்ல அவங்க ரெண்டு பேருக்கும் பிடிச்ச இடம் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பெரிய ஓக் மரம், சரியான இடைவெளியில. பக்கத்துலேயே தண்ணிக்குழாய். வண்டியை வளைச்சுத் திருப்ப வசதி. இந்தியானாவுல ஆறு மாசம் முன்னாடியே புக்கிங் திறந்துடும். அக்டோபருக்கு ஏப்ரல்ல. தீபாவளி ரயில் டிக்கெட்டுக்கு உக்கார்ற மாதிரி ரெண்டு பேரும் விடியக்காலையில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவாங்க. ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். கிடைக்காதவங்க ரெண்டு இடம் தள்ளிப் போட்டுக்கிட்டு, மூணு நாளும் அந்த ஓக் மரத்தையே பாத்துப் பெருமூச்சு விடுவாங்க. ‘அந்த ஆளை விட்டுட்டேன், அந்த இடத்தை விட மாட்டேன்’னு அவங்களே சிரிச்சுக்கிட்டு சொன்னாங்க.

அந்த ரெண்டு மரம் எதுக்குன்னு கேளு. குதிரையை மரத்துல நேராக் கட்டக் கூடாது. ராத்திரி பூரா காலால மண்ணைப் பறிச்சு வேரை வெளியே கொண்டு வந்துடும், சலிப்புல பட்டையை உரிச்சுத் தின்னும், நாலு சீசன்ல மரம் பட்டுப்போயிடும். அதனால அவங்க ரெண்டு மரத்துலயும் அகலமான பட்டைத் துணி வாரைச் சுத்தி, நடுவுல தலைக்கு மேல உசரத்துல கயிறு இழுத்துக் கட்டுவாங்க. தன் கை எட்டற உசரம்தான் கணக்கு. அந்தக் கயிறுல சுழலற வளையம் ரெண்டு, ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு கயிறு தொங்கி குதிரை கழுத்துப் பட்டிக்குப் போகும். குதிரை தலையைக் குனிஞ்சு வைக்கோல் தின்னணும், ஆனா கயிறுக்குள்ள முன்னங்கால் மாட்டக் கூடாது. இந்த நீளத்தை அவங்க நாலு தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவாங்க. கடைசியில கயிறுல முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாத்துட்டுத்தான் குதிரையை இறக்குவாங்க. அறுபத்தெட்டு வயசு. பசங்க கை தட்டுவாங்க.

குதிரைக்கும் காகிதம் உண்டு தெரியுமோ? கோகின்ஸ் டெஸ்ட்னு ஒரு ரத்தப் பரிசோதனை. குதிரை ஈ கடிச்சுப் பரவற ஒரு ரத்தச்சோகை நோய் இருக்கு, மருந்தே கிடையாது. வந்துட்டா குதிரையைக் கொன்னுடணும், இல்லேன்னா ஆயுசுக்கும் மத்த குதிரைகள்கிட்டேயிருந்து 200 கஜம் தள்ளி வைக்கணும். பல முகாம்ல அந்த ரிப்போர்ட்டைக் காட்டினாத்தான் உள்ளே விடுவாங்க. உங்க இலினாய் பக்கத்துலேருந்து யாராவது குதிரையோட சேர்ந்துக்கறதா இருந்தா, மாநில எல்லை தாண்டறதுக்கு வெட்னரி டாக்டர் சான்றிதழும் வேணும்னு சொல்லிடு. வெளியூர்த் தண்ணியைக் குதிரைங்க முகர்ந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். குதிரைக்காரம்மா வீட்டுலேயே ரெண்டு நாள் முன்னாடி தண்ணியில கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்கிடுவாங்க, அப்புறம் எந்த ஊர்த் தண்ணியிலயும் அதே வாசனையைக் கலந்தா குடிச்சிடும். உன் சின்னவனுக்குப் பால் குடுக்கிறப்போ நீ பண்ணதுதானே! பசங்களுக்குச் சவாரி ஆசை வந்தா அவங்க குதிரையைக் கேக்காதே, பொது பார்க்குக்குள்ள சேடில் பார்ன்ல ஆள் கூட வந்து கூட்டிட்டுப் போற சவாரி இருக்கு.

டென்ட்டுக்கு எழுத எனக்குப் பெரிசா ஒண்ணுமில்லை. பள்ளத்துல அடிக்காதே, ராத்திரி குளிர்காத்து பூரா கீழேதான் வந்து தேங்கும், காலையில டென்ட் உள்பக்கம் சொட்டும். முகட்டு உச்சியிலயும் வேண்டாம், காத்து பிச்சுடும். நடுச் சரிவுல ஒரு மட்டமான திட்டு பாரு. படுக்கிறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாரு, அதுதான் முக்கியம். எமரால்டு ஆஷ் போரர்னு ஒரு பச்சை வண்டு, 2004ல இந்தியானாவுல கண்டுபிடிச்சாங்க, அது ஆஷ் மரங்களையெல்லாம் தின்னு தீர்த்திடுச்சு. செத்த மரம் நின்னபடியே இருக்கும், காத்தே இல்லாதப்போ கூடக் கிளை விழும். இது மாதிரி வண்டுங்க பரவும்னுதான் வெளியிலேருந்து கண்ட விறகைக் கொண்டு வரக் கூடாதுங்கறாங்க. அண்ணா காஸ்ட்கோவுல கட்டு வாங்கி வண்டியில போடப் பாப்பார், தடுத்துடு, இங்கேயே வாங்கிக்கலாம். சாப்பாட்டை வெளியே வைக்காதே. ராக்கூனுக்கு ஐஸ்பெட்டி மூடி திறக்கத் தெரியும். பாம்பு பத்திக் கேட்டிருந்தே. இருக்கு. டிம்பர் ராட்டில்ஸ்னேக்கும் இருக்கு, காப்பர்ஹெட்டும் இருக்கு. டிம்பர் ராட்டில்ஸ்னேக் அருகிப்போன ஜாதி, அடிக்கக் கூடாது. உன்னைக் கண்டா அது ஓடும், நீ கத்தற கத்தல்ல நிச்சயமா ஓடும்.

பாம்பை விட உண்ணிக்குத்தான் பயப்படணும். லோன் ஸ்டார்னு ஒரு வகை உண்ணி, அதுல பெண்ணுக்கு முதுகுல வெள்ளைப் புள்ளி இருக்கும். அது கடிச்சா சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்னிக்கறி எதுவுமே ஒத்துக்காமப் போயிடும். சாப்பிட்டு நாலஞ்சு மணி நேரம் கழிச்சு, நடுராத்திரியில உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டும். எங்க சங்கத்துல காரைக்குடிக்காரர் ஒருத்தருக்கு வந்துடுச்சு. சுக்கா வறுவலுக்காக மூணு மணி நேரம் கார் ஓட்டினவர். இப்ப கோழியும் மீனும்தான். மனைவி சைவம், இருபது வருஷமா அவங்க அடுப்புல ஆட்டுக்கறி வேகறதைப் பாத்துப் பல்லைக் கடிச்சவங்க. பாக்கிறவங்ககிட்டேயெல்லாம் ‘பாவம், அவருக்கு இப்படி ஆயிடுச்சே’ங்கறாங்க, முகத்துல அந்தப் பாவத்தைக் காணோம். பேன்ட்டை சாக்ஸுக்குள்ள செருகிக்கோ, ராத்திரி பசங்க தலைமுடிக்குள்ள தடவிப் பாரு.

குதிரைக்காரம்மா வேற ஒரு யோசனை சொன்னாங்க. பிரவுன் கவுன்ட்டியை விட்டுட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி ஹூசியர் நேஷனல் ஃபாரஸ்ட்ல பிளாக்வெல் குதிரை முகாமுக்குப் போயிடலாம்னு. பக்கத்துலேயே சார்ல்ஸ் டீம் வில்டர்னெஸ், 1982ல ஒதுக்கின காடு, ஏறக்குறைய 13,000 ஏக்கர், என்ஜின் சத்தமே கேக்காது. மருந்துக்கடைக்காரரா இருந்து, செடி கொடி மேல பைத்தியமாகி, மாநிலத்தோட முதல் வன அதிகாரியானவர் அந்த டீம். எனக்கு ஆசைதான். ஆனா அங்கே கரண்ட் கிடையாது, குழி கக்கூஸ். உன் மாமியாருக்கு முட்டிவலி, அண்ணாவுக்கு கிரிக்கெட் ஸ்கோர். நடக்கிற காரியமா? அதை நீயும் நானும் மட்டும் தனியாப் போறப்போ வச்சுக்கலாம்.

நவம்பருக்குத் தள்ளிப் போடலாமான்னு கடைசி வரியில கேட்டிருக்கே. வேண்டாம். மான் பெருகிக் காட்டைத் தின்னு தீர்த்ததால 1993லேருந்து பல வருஷம் நவம்பர்ல மான் குறைக்கிற வேட்டைன்னு ஒண்ணு நடத்தறாங்க. அந்த நாட்கள்ல பார்க்கையே பூட்டிடுவாங்க. இலையும் உதிர்ந்திருக்கும். அக்டோபர் நடுவுலயே வாங்க. உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கு, இங்கே வந்து சேர்றப்போ கடிகாரம் ஒரு மணி முன்னாடி ஓடிடும். மதியச் சாப்பாட்டை வழியிலேயே முடிச்சுக்கிட்டு இருட்டறதுக்குள்ள வந்துடுங்க. முக்கியமா, எந்த வாசல்ங்கிறதைத் திரும்பப் படிச்சுட்டுக் கிளம்புங்க.

இந்த வாரத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும், ஏப்ரல் பொறந்ததும் நான் புக்கிங்ல உக்காரணும். வண்டி எத்தனை அடி? 30 ஆம்பியரா, 50ஆ? மொத்தம் எத்தனை தலை? உன் நாத்தனாரும் வர்றாளா, அதை மட்டும் ஒளிக்காம சொல்லு. வர்றான்னா நான் அவளுக்கு டென்ட்லதான் இடம் போடுவேன்.

உன்,
கொலம்பஸ்காரி

பி.கு.: முன்னாள் புருஷனோட புது மனைவிக்குக் குதிரைன்னாலே பயமாம்! மூணு நாளும் டிரெய்லரை விட்டு இறங்காம உள்ளே உக்காந்து ஸ்வெட்டர் பின்னறாங்களாம். போன அக்டோபர்ல நம்ம குதிரைக்காரம்மா அந்த ஜன்னல் வழியா ஒரு கிண்ணத்துல சூப் நீட்டிட்டு வந்தாங்க. என்ன பேசினாங்கன்னு எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், சொல்ல மாட்டேங்கறாங்க. நீ வந்துதான் கறக்கணும்.